கதிர்வீச்சுத் தேங்காய்

கல்யாண வீட்டில் யாரை வேண்டுமானாலும் நம்பலாம். பந்தி பரிமாறும் நேரத்தில் மாயமாகிவிடும் மாமாவை நம்பலாம். முகூர்த்தம் நெருங்கும்போது டீ குடிக்கப் போகும் நாதஸ்வரக்காரரை நம்பலாம். அவர்கள் எப்போது கவிழ்ப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும், அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம். விஞ்ஞானம் கொஞ்சமாகப் படித்த தம்பியை மட்டும் நம்பவே கூடாது. நிறையப் படித்தவன் கைகட்டி ஓரமாக நிற்பான். ஒன்றும் படிக்காதவன் சொன்ன வேலையைச் செய்வான். நடுவில் நிற்கிறவன்தான் ஆபத்து. என் அக்கா ரேவதியின் கல்யாணத்தில் அந்த நடுவில் நின்றவன் நான்.

அப்போது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் புராஜெக்ட் அசிஸ்டென்ட். பெயரைக் கேட்டால் என்னவோ போலத் தெரியும். வேலை இதுதான்: மஞ்சள் நிற பிளாஸ்டிக் டேப் ஒன்றை லேசர் மெஷினுக்குள் ஒட்டிவைத்து, மூடியைச் சாத்திவிட்டு, பட்டனை அமுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிர் டேப்பின் மேல் கோடு கோடாக ஓடும். கதிர் பட்ட இடம் சூடேறிக் கறுத்து, கிராஃபீனாக மாறிவிடும். கிராஃபீன் என்றால், கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கும் மெல்லிய ஏடு. பென்சில் முனைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் பணக்காரச் சொந்தம். மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். அது உலகத்தையே மாற்றப்போகிறது என்று எங்கள் திட்ட அறிக்கையின் முதல் வரியில் எழுதியிருந்தோம். (பக்கத்து லேப் அறிக்கையிலும் முதல் வரி அதேதான். பொருள் மட்டும் வேறு.)

அதே ஊரில், ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டில் "லேசர் வேலை" என்று சொன்னபோது, முகத்தில் மரு எடுக்கிற கிளினிக்கா என்று அம்மா கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து "கதிர்வீச்சு ஆராய்ச்சி" என்றே சொல்ல ஆரம்பித்தேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. லேசர் ஒளியும் கதிர்வீச்சுதான், டியூப்லைட் வெளிச்சமும் கதிர்வீச்சுதான். ஆனால் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு வருகிறவனை யாரும் வாசலிலேயே நிறுத்திக் கால் கழுவச் சொல்வதில்லை. என்னைச் சொன்னார்கள். எதிர்வீட்டு அங்கிள் என்னோடு பேசும்போது இரண்டடி தள்ளி நின்றார். கல்யாணத் தரகர் என் ஜாதகத்தைக் கட்டிலிருந்து உருவி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அக்காவுக்குக் கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை செந்தில் தங்கமானவர். பிரச்சினை அவருடைய பெரியப்பா. அப்பா இல்லாத செந்திலை வளர்த்தவர், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். நிச்சயதார்த்தத்தன்று நாங்கள் வைத்த தட்டில் ஒரே ஒரு வாழைப்பழம் கன்றியிருந்ததைக் கண்டுபிடித்து, அதைத் தனியாக எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு, கிளம்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அக்கா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"டேய் பாலு. கல்யாணம் முடியற வரைக்கும் நீ எதையும் கண்டுபிடிக்காத."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. அதான் இப்பவே சொல்றேன். நான் அந்த மனுஷன் வீட்லதான்டா போய் இருக்கணும். ஒரு வாழைப்பழத்தை இன்னும் ஞாபகம் வெச்சுக்கிட்டு போன் பண்ணும்போதெல்லாம் கேக்கறாரு. கல்யாணத்துல ஏதாவது ஆச்சுன்னா, நான் கிழவி ஆகற வரைக்கும் கேப்பாரு."

சத்தியம் செய்தேன். மனப்பூர்வமாகத்தான் செய்தேன்.

அப்பா எனக்கு ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்தார். சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைக்குத் தேங்காய் வாங்கி வர வேண்டும். நானூறு தேங்காய். "தேங்காய்ல போய் என்னத்தக் கெடுத்துடப் போறான்" என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாவம், நல்ல மனிதர்.

மறுநாள் லேபில் எனக்கு ஞானம் பிறந்தது. டேப்பில் மட்டும்தானா கிராஃபீன் வரும்? கார்பன் நிறைந்த எந்தப் பொருளிலும் வருமே. மரத்தில் வரும், அட்டையில் வரும், தேங்காய் ஓட்டில் அமோகமாக வரும். லேசரை ஒருமுறை ஓட்டினால் கரி. அதே இடத்தில் மறுபடியும் ஓட்டினால் கிராஃபீன். கடைக்காரர் சாம்பிளுக்குக் கொடுத்த தேங்காய் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நார் நீங்கத் தேய்த்து மொட்டையடித்து உள்ளே வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அதன் நெற்றியில் "ரேவதி – செந்தில்" என்று வெல்வெட் மாதிரிக் கறுகறுவென்று எழுத்து. சுற்றிலும் அழகுக்கு அறுகோணக் கட்டங்கள், கிராஃபீனின் அமைப்பைக் குறிக்க. மல்டிமீட்டரை வைத்தேன். கீச்சென்று கத்தியது. மின்சாரம் பாய்கிற தாம்பூலத் தேங்காய். இந்தியாவில் எந்தத் தம்பியும் எந்த அக்காவுக்கும் செய்யாதது. (செய்யாததற்குக் காரணம் இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.)

பின்னால் எங்கள் பேராசிரியை நின்றிருந்தார். மேடம் மைசூர்க்காரர், தமிழைக் கன்னடத்தின் தோளில் கை போட்டபடி பேசுவார்.

"பாலு, இது ஏனு?"

"தேங்காய் மேடம்."

"அது காண்ஸ்தா இதெ, தெரியுது. லேசர்ல ஏன் இருக்கு?"

"பயோமாஸ் மேடம்."

அவர் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணு போதும். இன்னொண்ணு உள்ளே போச்சுன்னா நீ வெளியே போவே" என்றார். அத்தோடு கல்யாணப் பத்திரிகையையும் வாங்கிக்கொண்டார்.

மீதியை வெளியே செய்தேன். பிரேசர் டவுனில் பசவராஜ் என்பவர் வீட்டுப் பெயர்ப்பலகை வெட்டித் தரும் லேசர் கடை வைத்திருந்தார். ஆட்டோவிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியதைப் பார்த்ததுமே, "பேடா சார், பேடா" என்றார். எதற்கு வேண்டாம் என்கிறார் என்று அவருக்கே தெரியாது, அனுபவம். நான் கிராஃபீனைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ கரின்னு சொல்லுங்க" என்றார்.

"கரி இல்ல பசவராஜ். ரெண்டாவது சுத்துல அது கிராஃபீன்."

"ரெண்டு தடவை சுட்ட கரி."

அந்த மனிதரோடு வாதாடிப் பயனில்லை. நான்கு நாள் நானும் அவரும் தேங்காய்க்கு முடி வெட்டி, சுட்டு, அடுக்கினோம். ஐந்தாம் நாள் பலகை வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கடையில் அப்படியொரு கோயில் வாசனை.

பையில் போடுவதையும் நானே செய்கிறேன் என்றதும் அம்மா கண்கலங்கிவிட்டாள். சித்தி உதவிக்கு வந்தாள், விடவில்லை. இது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்க வேண்டுமே. கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு, லேபிலிருந்து கொண்டுவந்த கையுறை மாட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு ஒவ்வொன்றாகப் போட்டேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது. வேறு எந்தத் தொழில்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். பத்து தேங்காய்க்கு ஒரு தடவை கையுறை கறுப்பாகிவிட்டது. சமையல்காரராக இருந்தால், "என்ன இது கையில ஒட்டுது" என்று யோசித்திருப்பார். பெயின்டராக இருந்தால் காயவில்லை என்று கண்டுபிடித்திருப்பார். லேப்காரன் கையுறை அழுக்கானால் யோசிப்பதில்லை. கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்வான். அதுதான் எங்கள் பயிற்சி. நான் நாற்பது ஜோடி மாற்றினேன். இரண்டு வருடமாக கிராஃபீன் செய்கிற நான், அதை ஒருமுறைகூட வெறும் விரலால் தொட்டதே இல்லை.

முகூர்த்தம் அருமையாக நடந்தது. தாலி கட்டியாயிற்று. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. பெரியப்பா மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டதை அம்மா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்து, அக்காவுக்குக் கண்ணாலேயே தகவல் அனுப்பினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டிய நேரம். அப்பா முதல் தாம்பூலப் பையை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாகப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா வாங்கினார். சோதிக்காமல் அவர் எதை வாங்கியிருக்கிறார்? கையை விட்டுத் தேங்காயை வெளியே எடுத்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் கறுப்பு. அந்தக் கையை அனிச்சையாகப் பட்டு வேட்டியில் துடைத்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார்.

"யாரு பண்ண வேலை இது?"

மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்து, தேங்காயிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். "நம்ம செந்தில் பேரு போட்டிருக்கு. பொண்ணு பேரும் போட்டிருக்கு. சுத்தி கறுப்புல கட்டம் போட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "யாரோ மந்திரிச்சு வெச்சிருக்காங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் தேங்காயை முதல்முறையாக ஒரு மனிதனின் கண்ணால் பார்த்தேன். மொட்டையடித்த தேங்காய், கறுப்புக் கட்டங்கள், நடுவில் இரண்டு பெயர். செய்வினை வைக்கிறவர்கள்கூட இவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட மாட்டார்கள்.

அதற்குள் அடுக்கியிருந்த பைகளை ஆளாளுக்கு எடுத்துப் பிரித்துவிட்டார்கள். எல்லார் கையும் கறுப்பு. கறுப்பான கையோடு வேர்வையைத் துடைத்தவர்கள் நெற்றியும் கறுப்பு. அப்பாவின் சட்டை முதுகில் யாரோ ஆறுதலாகத் தட்டியதன் அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக.

"சம்பந்தி, பையை நீங்களே வெச்சுக்கங்க" என்றார் பெரியப்பா. "நாங்க கிளம்பறோம்."

தாம்பூலம் வாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் கிளம்புவதென்றால் என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் அக்கா மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றுவிட்டாள். கழுத்தில் தாலி ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வாழைப்பழத்துக்கே அந்தக் கதி என்றால்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் போதும். நான் மைக்கை எடுத்தேன்.

"யாரும் பயப்பட வேண்டாம். இது செய்வினை இல்ல" என்றேன். ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. அதோடு நிறுத்தினேனா? "இது கதிர்வீச்சு."

பைகள் தரையில் வைக்கப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நானூறு பைகளை நான்கு மணி நேரம் கட்டினேன், நான்கே வினாடியில் திரும்பி வந்துவிட்டன. கைக்குழந்தை வைத்திருந்த பெண் ஒருத்தி வாசலுக்கே போய்விட்டாள்.

நிலைமையைச் சரிசெய்ய, சட்டைப் பையிலிருந்து பேட்டரியையும் குட்டி எல்.இ.டி. விளக்கையும் எடுத்து (ஆமாம், கொண்டுபோயிருந்தேன்) தேங்காயில் வைத்துக் காட்டினேன். செந்திலின் பெயருக்கு மேல் சிவப்பாக விளக்கு எரிந்தது. மந்திரித்த தேங்காய் என்று அதுவரை பாதி நம்பியவர்கள் முழுதாக நம்பினார்கள்.

பெரியப்பா மட்டும் கிட்டே வந்தார். "கரண்ட் போகுதா இதுல?"

"போகுது மாமா."

"எர்த் பண்ணியிருக்கா?"

"தேங்காய்க்கா மாமா?"

அவர் முறைத்தார். கூட்டத்தில் மேடம் நின்றிருப்பதை அப்போதுதான் பார்த்தேன், உயிர் வந்தது. "மேடம்தான் எங்க பெரிய விஞ்ஞானி. அவங்களையே கேளுங்க."

பெரியப்பா கும்பிட்டார். "அம்மா, இதைச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதே?"

மேடம் நேர்மையான விஞ்ஞானி. அது அவருடைய ஒரே குறை. "கதிர் எல்லாம் அப்பவே போயிடுச்சு ஐயா. வெளிச்சம் மாதிரி. உள்ளே ஒண்ணும் தங்காது" என்றார். எனக்குக் காலில் விழலாம் போலிருந்தது. அவர் தொடர்ந்தார்: "ஆனா மேல இருக்கற கறுப்பைச் சாப்பிட்டா என்ன ஆகும்னு கேட்டா, நங்கே கொத்தில்ல, எனக்குத் தெரியாது. டேட்டா இல்ல." பிறகு தன் கறுத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "பாலு, இது ஏன் தேய்ச்சா வருது? ஒட்டி நிக்குதான்னு அட்ஹீஷன் டெஸ்ட் பண்ணியா?"

"இல்ல மேடம்."

"இப்ப ஆயிடுச்சு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைத் தேடினார். அப்பா தலை குனிந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அதற்குமேல் எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

அப்போது அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தில் ஓர் அமைதி. எனக்கு அந்த முகம் தெரியும். பரீட்சைத் தாளில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது இருக்கும் முகம்.

"மாமா, அவனைத் திட்டாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன்."

"நீயாம்மா?"

"திருஷ்டி மை மாமா. இவ்ளோ பேர் கண்ணு பட்டிருக்கு. ஒவ்வொருத்தருக்கா மை வெச்சு அனுப்ப முடியுமா? அதான் தேங்காய்லயே வெச்சுட்டோம். வீட்டுக்குப் போறவங்க தொட்டு வெச்சுக்கலாம்." தேங்காயில் கட்டை விரலைத் தேய்த்து, கூட வந்து நின்ற செந்திலின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். செந்தில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் தங்கமானவர் என்று ஏற்கெனவே சொன்னேன்.

பெரியப்பா தேங்காயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அல்லவா. "அது சரி. இந்த ஆறு மூலைக் கட்டம் எதுக்கு?"

என் பக்கம் திரும்பாமலேயே அக்கா சொன்னாள்: "ஆறுமுகம் மாமா. உங்க குலதெய்வம் முருகன்தானே."

இரண்டு வருட ஆராய்ச்சியில் கிராஃபீனின் அமைப்புக்கு இப்படியொரு விளக்கத்தை நான் யோசித்ததே இல்லை. மேடமும் யோசித்ததில்லை. அவர் வாயைத் திறக்கப் போனார். நான் கைகூப்பினேன். மூடிக்கொண்டார்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கறுப்புக் கோட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அது எரியவில்லை, எரியவும் எரியாது. இருந்தாலும் அவருக்குத் திருப்தி. "மை வெச்சுப் பார்த்திருக்கேன்" என்றார். "கரண்ட் பாயற மையை இப்பதான் பார்க்கறேன். அப்ப இதுக்குப் பவர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அதேதான் மாமா" என்றாள் அக்கா.

அவர் கட்டை விரலைத் தேய்த்துத் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கீழே வைத்த பைகள் எழுந்தன. வாசலுக்குப் போன பெண் குழந்தையோடு ஓடி வந்தாள். அத்தை இரண்டு பை கேட்டார். கடைசியில் எடுத்த குரூப் போட்டோவில் எங்கள் மேடம் உட்பட எல்லார் கன்னத்திலும் உலகத்தை மாற்றப்போகிற பொருள் ஆளுக்கொரு பொட்டாக இருக்கிறது. என் கன்னத்தில் மட்டும் பொட்டு இல்லை, ஐந்து விரல் இருக்கிறது. அது போட்டோவுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா ஸ்டோர் ரூமில் வைத்தது.

லேபில் அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. யார் எந்தக் கதிரைக் கொண்டு எந்த கிராஃபீன் செய்தாலும், முதலில் அதை வெள்ளை வேட்டித் துணியில் தேய்த்துக் காட்ட வேண்டும். அந்த முதல் துணியை அப்பாவே கிழித்துக் கொடுத்தார். புதிதாக வருகிற மாணவர்கள் "வேட்டி டெஸ்ட்" என்பது ஏதோ சர்வதேச முறை என்று நம்பிப் பயபக்தியோடு செய்கிறார்கள்.

பெரியப்பா வாழைப்பழத்தை மறந்துவிட்டார். அவர் வீட்டு வாசலில் கூரையோரம் அந்தத் தேங்காய் இன்னும் தொங்குகிறது. யார் புது வண்டி வாங்கினாலும் கூப்பிட்டு, "எங்க மருமக கொண்டுவந்த மை" என்று தொட்டு வைக்கிறார். கண்டுபிடித்தவன் பெயர் எங்கும் வருவதில்லை. எங்கள் துறையில் அது வழக்கம்தான்.

மூன்று வருடம் கழித்து எனக்கும் கல்யாணம் ஆயிற்று. (தரகர் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.) பத்திரிகை அச்சடிக்கும் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று இரு வீட்டார் பெயரும் போட்டு, அதற்குக் கீழே பெட்டி கட்டி ஒரு வரி:

"தாம்பூலத் தேங்காய்களில் மணமகன் கை படவில்லை."

அந்தப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் கல்யாணத்துக்கு வருவதாக முடிவு செய்ததாக, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு வேன் நிறைய ஜனம் என் மனைவியிடம் சொன்னது.